கடைசி வயலைத் தண்ணீர் தொடும் வரை

எனக்கு எண்பத்தொன்று நடக்கிறது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. ஏழாவது என் நாத்தனார் மகள். தாயில்லாப் பிள்ளை என்று ஊர் வாய்திறந்து சொல்லும்படி ஒரு நாளும் அவளை நான் விட்டதில்லை. ஏழு பேருக்கும் சோறு போட்டது பன்னிரண்டு மா நிலம், ஏக்கர் கணக்கில் நாலு. அது எங்கள் கையில் தங்கியதற்குச் சட்டம் காரணம் என்பார்கள், விவசாயச் சங்கம் காரணம் என்பார்கள். இரண்டும் இருந்தது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டும் எங்கள் வயலுக்கு நடந்து வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு மனிதர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. திருவிடைமருதூரிலிருந்து மாயவரம் வரைக்கும் டீசல் பாய் என்றால் போதும். மாயவரத்தில் டிராக்டரும் ஆயில் எஞ்சினும் விற்கிற ஒரு கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தார். நான் "பாய்" என்பேன், அவர் "தங்கச்சி" என்பார். அதற்குமேல் பெயர் எதற்கு என்று அப்போது தோன்றிவிட்டது. போன ஐப்பசியில் கும்பகோணத்து ஜவுளிக்கடையில், அவர் ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அவர் மௌத்தாகி வருஷமாச்சே அம்மா, உங்களுக்குத் தெரியாதா?" எடுத்த புடவையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் இருக்கிறவரைக்கும் சொல்லக்கூடாது என்று நான் வைத்திருந்த ஒன்று உண்டு. இனி அதைச் சொன்னால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

நினைத்தால் அவர் முகத்துக்கும் முன்னால் முதுகுதான் எனக்கு வருகிறது. ரிப்பேர் பார்த்த எஞ்சினுக்கு முதுகு காட்டி உட்காருகிற மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சின் பக்கத்திலேயே நிற்பார்கள், புகை கறுப்பா வெளுப்பா என்று பார்ப்பார்கள். இவர் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு, வரப்போடு நடந்து, நிலத்தின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கே தண்ணீர் வந்து சேருகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டார். காப்பி கொண்டுபோனாலும் வாங்க மாட்டார்.

"கடைசி வயலைத் தொடட்டும், எந்திரிக்கிறேன்" என்பார். அவர் பேச்சில் நான் அதிகம் கேட்டது இந்த ஒரு வாக்கியம்தான்.

அவரை நான் தேடிப் போன கதையைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் காமாலையில் போன மறுவருஷம் அது. மேட்டூர்த் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை. சொசைட்டிக் கடனில் அவர் வாங்கிப்போட்ட ஆயில் எஞ்சினும், பூமிக்குள் இறக்கிய பில்டர் பாயிண்ட் குழாயும்தான் எங்கள் குறுவைக்கு இருந்த ஒரே நம்பிக்கை. நாற்று நட்டுப் பச்சை பிடிக்கிற சமயம் பார்த்து எஞ்சின் நின்றது. சைக்கிள் கடைக்காரர் வந்து கழற்றிப் பார்த்து மாட்டினார். மாட்டி முடித்தபோது அவர் கையில் இரண்டு போல்ட்டு மிச்சம் இருந்தது. "இது தேவையில்லாமப் போட்டிருக்கான்" என்றார். அதோடு அவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாயவரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கம்பெனி வாசலில் புது டிராக்டருக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். உள்ளே விற்கிறதற்கென்று வெள்ளைச் சட்டை போட்டவர்கள் பலபேர் இருந்தார்கள். சுவரில் ஒரு போர்டு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நின்று படித்தேன்: தேர்ச்சி பெற்ற டீசல் மெக்கானிக்குகள் எப்போதும் தயார்.

மேனேஜர் கேட்டார், "என்னம்மா வேணும்?"

"மெக்கானிக் வேணுங்க."

"மெக்கானிக் வேலையாப் போயிருக்கார். எப்ப வருவார்னு தெரியாது."

"வேற ஒருத்தர அனுப்புங்க."

"வேற ஒருத்தர் இல்ல."

"போர்டுல நெறைய பேர் இருக்கிற மாதிரி எழுதியிருக்கே?"

"அது தலைமைக் கம்பெனி அனுப்புன போர்டும்மா. போர்டு அனுப்புனாங்க, மெக்கானிக் அனுப்பல." அவரும் நொந்துபோனவர்தான். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவராகவே பேசினார். "ஐ.டி.ஐ. படிச்சிட்டு வர்றான். ஒரு தடவ உங்க சேத்துல இறங்குறான். மறுநாளே பஸ் கம்பெனிக்கு எழுதிப் போட்டுட்டுப் போயிடறான். டிராக்டர் விக்க ஆள் கிடைக்கும், அதைத் திறந்து பாக்கத் தெரிஞ்ச ஆளுக்கு நான் எங்க போவேன்? இருக்கிறது ஒரு பாய். அவரும் ஒரு ஊருக்குப் போனார்னா அந்த ஊர்லயே குடியிருக்காரு."

ஒர்க்ஷாப் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ வந்தார். மெக்கானிக் என்றால் எண்ணெய்க் கறையாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். இவர் உடம்பில் எண்ணெயைவிடச் சேறுதான் அதிகம். முழங்கால் வரைக்கும் காய்ந்துபோய் வெடித்திருந்தது. நாற்பது வயசு இருக்கும். தொப்பியை மடித்து சட்டைப் பையில் வைத்திருந்தார். நான் எஞ்சினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடைசி வயல் எவ்வளவு தூரம் தங்கச்சி?"

"எஞ்சின்தானே பாய் நின்னுபோச்சு?"

"எஞ்சினை வந்து பாத்துக்கிறேன். கடைசி வயல் மேடா, பள்ளமா?"

"மேடு. மிராசுதார் தோப்பு ஓரம்."

"அப்ப சாயங்காலம் ஆயிடும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த முதுகைப் பார்த்தேன். எஞ்சின் ஓடிவிட்டது. பிள்ளைகள் குதிக்கிறார்கள். நான் வெற்றிலைத் தட்டோடு நிற்கிறேன். மனுஷரைக் காணோம். தேடிக்கொண்டு போனால் கோடி வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

"எஞ்சின்தான் ஓடுதே பாய்?"

"ஓடும். நாம பக்கத்துல நிக்கிறப்ப எல்லா எஞ்சினும் ஓடும்" என்றார். "தண்ணிக்காகத்தானே என்னைக் கூப்பிட்டீங்க? தண்ணி இன்னும் வரலியே."

வெயில் சாய்கிற நேரம் தண்ணீர் வந்தது. வாய்மடையில் நுழைந்து, வெடிப்புகளில் இறங்கி, நிறைந்து, முதல் வரிசைப் பயிரின் காலடியில் நின்றது. அவர் குனிந்து உள்ளங்கையை அதில் வைத்தார். அந்தத் தண்ணீரிலேயே முகம் கழுவினார். அதற்குப் பிறகுதான் சாப்பிட வந்தார்.

இதனால் கம்பெனியில் அவருக்குத் தினமும் பேச்சு. ஒரு நாளில் பல ஊர் பார்த்துவிட்டு வரவேண்டிய ஆள், ஒரே வரப்பில் பொழுதைப் போக்குகிறார் என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அனுப்பிவிடவும் முடியாது, இன்னொருவருக்கு எங்கே போவது? வீட்டிலும் இதே கதைதான். அவர் மகள் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். கடற்கரைப் பக்கத்து ஊர். அவர் சம்சாரம் என் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டு சிரித்தார்கள்: "இந்த மனுஷன்கூட மட்டும் பந்தியில உக்காந்துடாதீங்கம்மா. கடைசிப் புள்ள கை கழுவுற வரைக்கும் எந்திரிக்க மாட்டார். எனக்குப் பாத்திரம் கழுவ நடுச்சாமம் ஆயிடுது." அவர் தூரத்தில் நின்று எல்லாப் பந்தியையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கென்று தனியாகச் சமைக்கச் சொல்லியிருந்தார். நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டாரிடம் போனார்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் நல்லவர் என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். எனக்கு அவர் மேல் வருத்தமும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் நிலம் குத்தகை நிலம். நிலத்துக்குச் சொந்தக்காரர் எங்கள் ஊர் மிராசுதார். அவரிடம் அந்தக் கம்பெனி டிராக்டர் இரண்டு இருந்தது. டீசல் பாயை அவருக்கும் ரொம்பப் பிடிக்கும். "நம்ம பாய் மாதிரி ஒரு மெக்கானிக் ஜில்லாவுலயே கிடையாது. உழுது முடிக்கிற வரைக்கும் வரப்பை விட்டு நகர மாட்டார்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார். அது உண்மை. எனக்கு உட்கார்ந்த மாதிரியேதான் அவருக்கும் உட்காருவார்.

ஒரு சம்பா சமயம், கூலி ஆட்கள் டிராக்டரை விடமாட்டோம் என்று மிராசுதார் வயலில் கொடி நட்டார்கள். டிராக்டர் இறங்கினால் ஏர் பிடிக்கிறவனுக்கு வேலை இல்லை, அதுதான் வழக்கு. போலீஸ் வந்தது. கொடியைப் பிடுங்கிவிட்டு டிராக்டரை இறக்கினார்கள். இறங்கிய டிராக்டர் நடு வயலில் நின்றுபோனது. பாய்க்கு ஆள் போயிற்று. வந்தார், பார்த்தார், ஓடவிட்டார். பிறகு வழக்கம்போலக் கோடி வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் வேலையில்லாமல் நிற்கிற ஆம்பிளைகளும் பொம்பிளைகளும். நடுவில் இவர்.

பாக்கியம் என்று ஒருத்தி. எங்கள் வயலுக்கும் நடவுக்கு வருவாள். வாய்க்கு அஞ்சாதவள். அவள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏன் பாய், இந்த வயல்ல எங்க வூட்டு ஆம்பள தான் ஏர் புடிச்சாரு, தெரியுமா?"

அவர் பார்வை டிராக்டர் போட்டுக்கொண்டிருந்த உழுசாலிலேயே இருந்தது.

"உழுதுபுட்டுப் போற மெஷினாச்சும் பரவால்ல, அதுக்குக் கண்ணு கிடையாது. நீங்க கடைசி சால் வரைக்கும் கண்ணால பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!"

அவர் தலை குனிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கடைசி சால் விழுந்த பிறகுதான் எழுந்தார்.

அடுத்த தடவை எங்கள் எஞ்சினுக்கு வந்தபோது நான் விடவில்லை. "யார் வயல்னு பாக்க மாட்டீங்களா பாய்?" என்று கேட்டேன்.

"பாக்க ஆரம்பிச்சா வேலை நடக்காது தங்கச்சி. இன்னிக்கு அவங்க வயல்னு பாப்பேன், நாளைக்கு உங்க வயல்னு பாப்பேன். அப்புறம் யாருக்கும் நான் ஒழுங்கா உக்கார முடியாது."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. நியாயம்போல இருந்தது, வயிற்றில் இறங்கவில்லை. அவருக்கும் இறங்கவில்லை என்று பிறகு எனக்குப் பட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வயலுக்கு வர பாக்கியத்தின் தெருவைத் தாண்டித்தான் வரவேண்டும். முன்னெல்லாம் விடுவிடு என்று வருவார். அதற்குப் பிறகு அந்தத் தெரு வந்தால் தோள் பையைக் கையில் இறக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக நடந்து வருவார்.

கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்ய தாலுகா ஆபீஸ் ஆட்கள் ஊர் ஊராக வரத் தொடங்கிய சமயம். வயலில் யார் பயிர் நிற்கிறதோ அவர் பெயர் ஏறும், ஏறிவிட்டால் வெளியேற்ற முடியாது என்று பேசிக்கொண்டார்கள். மிராசுதாருக்குத் தூக்கம் போயிற்று. ஆம்பிளை இருக்கிற வீடுகளில் ஒன்றும் செய்ய முடியவில்லை. தனியாகப் பயிர் வைத்தவள் நான் ஒருத்தி. என் வாசலுக்கே வந்து சொன்னார்.

"ஏம்மா, பொம்பள தனியா எத்தனை நாளைக்கு அல்லாடுவே? நெலத்த விட்டுடு. வருஷத்துக்கு நெல்லு தர்றேன், புள்ளைங்களோட உக்காந்து சாப்புடு."

"உக்காந்து சாப்புட்டா எழுந்திருக்க மறந்துபோயிடும்ங்க" என்றேன்.

அந்த வருஷமும் தண்ணீர் பிந்தியது. எங்கள் எஞ்சினும் கழுத்தறுத்தது. கீழ் வயல்கள் எப்படியோ தாங்கின. தோப்பு ஓரத்து மேட்டு வயல் காய்ந்து, பயிர் நுனி சிவந்து, தரை வெடித்துவிட்டது. மிராசுதார் ஊர் முழுக்கச் சொன்னார்: "அவ பயிர் கருகிப்போச்சு. கருகுன வயலை நான் உழுது நானே விதைக்கப் போறேன்." பயிர் நிற்கிற வயலில் கை வைக்கக்கூடாது என்பது அரசாங்கத்தின் சட்டம். கருகின பயிர் பயிரில்லை என்பது மிராசுதாரின் சட்டம். அந்த ஒரு வயலில் அவர் டிராக்டர் ஓடிவிட்டால், அப்புறம் ஒவ்வொரு வயலாக இறங்கிவிடும். பதிவுக்கு ஆட்கள் வரும்போது என் பெயர் சொல்ல ஒரு பயிர் இருக்காது.

பாய் வந்து எஞ்சினைத் திறந்தார். ஏதோ ஒரு சாமான் போய்விட்டது, நாளைக்கு எடுத்து வருகிறேன் என்று போனார். அதற்குள் மிராசுதார் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார், அந்தப் பொம்பளையோட எஞ்சினை மெக்கானிக் தொடக்கூடாது என்று. மறுநாள் பாய் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

"மேனேஜர் போகக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரே பாய்?"

"சொன்னார். நேத்து தொடங்குன வேலை, இன்னும் கடைசி வயலைத் தொடலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எஞ்சின் ஓடியது. அவர் வழக்கம்போல மேட்டு வயலுக்குப் போனார். தோப்புப் பக்கத்து வரப்பில் உட்கார்ந்தார். தண்ணீர் ஒரு வயல் நிறைந்து அடுத்த வயலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து நிலத்தில் நடவு. பாக்கியமும் மற்றப் பெண்களும் குனிந்திருந்தார்கள். உச்சி வெயில். நான் மோர்ச் செம்போடு மேட்டு வயலுக்குப் போனேன்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் இத்தனை வருஷம் வைத்திருந்தேன்.

நான் போய் நின்றபோது தண்ணீர் வந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். மடை வழியாக நுழைந்து, வெடிப்பில் இறங்கி, முதல் பயிரைத் தொட்டுவிட்டது. அவரும் பார்த்தார். எழுந்திருப்பதற்காக ஒரு முழங்காலை ஊன்றிவிட்டார். "பாய், தொட்டாச்சு, வாங்க" என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அப்போதுதான் தோப்புக்குள் டிராக்டர் சத்தம் கேட்டது.

மரங்களுக்கு நடுவே கலப்பையைத் தூக்கிக்கொண்டு டிராக்டர் வந்தது. பின்னாலேயே மிராசுதார், இன்னும் சில ஆட்கள். காய்ந்த நிலம் உழுவதற்கென்று வந்த டிராக்டர், வெறும் டயர்தான் மாட்டியிருந்தது. சேற்றில் இறங்க வேண்டும் என்றால் இரும்புச் சக்கரம் மாட்டிக்கொண்டு வரவேண்டும். அது எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாமலா?

அவர் டிராக்டரைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். நடவில் நின்ற பெண்கள் பக்கம் ஒரு பார்வை போயிற்று. ஊன்றிய முழங்காலை மெதுவாக மடக்கினார். மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

டிராக்டர் அவருக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டியவனுக்கு அவர் பழக்கம். இறங்கி வந்து கெஞ்சினான். "பாய், கொஞ்சம் தள்ளிக்குங்க. ஐயா பின்னாடியே வர்றாரு."

"தண்ணி கடைசி வயலைத் தொடட்டும் தம்பி. எந்திரிக்கிறேன்."

அவனுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. இதே வரப்புகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். திரும்பிப் பார்த்து, "பாய் தண்ணிக்கு உக்காந்திருக்காருங்க. தொட்டதும் எந்திரிச்சுடுவாருங்க" என்று சத்தம் போட்டான். மிராசுதாருக்கும் பாயின் வழக்கம் தெரியும். கோபம்தான், ஆனால் தோப்பு நிழலில் நின்றுகொண்டார். கருகின வயலுக்குத் தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று நினைத்திருப்பார்.

சொல்ல வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். செம்பைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் ஒரு வரிசை, இன்னொரு வரிசை என்று ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. வெடிப்புகள் மூடின. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். வேர்வை மட்டும் தாடியிலிருந்து சொட்டியது.

கொஞ்ச நேரம் போயிற்று. மிராசுதாருக்குப் பொறுமை போய்விட்டது. வரப்புக்கே வந்தார்.

"என்னய்யா பாய், வந்துதா இல்லியா?"

"இன்னும் தொடலீங்க."

மிராசுதார் எட்டிப் பார்த்தார். வயல் பாதிக்குமேல் பளபளவென்று கிடந்தது. அவர் முகம் சிவந்தது.

"உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? தண்ணி நிக்குது பாரு! வயல் நெறயத் தண்ணி நிக்குது!"

"தொடலீங்க" என்றார் பாய்.

"யோவ், நான் சொல்றேன், தண்ணி நிக்குதுய்யா! பயிரு காலுல தண்ணி நிக்குது! எந்திரி!"

இதற்குள் நடவுப் பெண்கள் எல்லோரும் கரையேறி வந்துவிட்டார்கள். பாக்கியத்தின் குரல்தான் முதலில் வந்தது.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா! மிராசுதாரே சொல்லிட்டாரு, பயிரு காலுல தண்ணி நிக்குதாம்! தண்ணி நிக்கிற பயிர எவன் கருகுன பயிருன்னு சொல்வான்? வாங்கய்யா, வந்து உழுங்க, பாப்போம்!"

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். டிராக்டர்க்காரன் டயரைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். மிராசுதார் தோப்புப் பக்கம் கையைக் காட்டினார். இவ்வளவு பேர் முன்னால் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது? டிராக்டர் பின்னால் போயிற்று.

அது போய்ச் சத்தம் அடங்கிய பிறகும் பாய் எழுந்திருக்கவில்லை. பாக்கியம் அவரிடம் போனாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். என் கையிலிருந்த செம்பை வாங்கி அவர் பக்கத்தில் வரப்பில் வைத்துவிட்டு, நடவுக்கு இறங்கிவிட்டாள். அவர் மோரைக் குடித்தார். அன்றைக்கு அவர் தண்ணீரில் கை வைக்கவில்லை. முகமும் கழுவவில்லை.

மிராசுதார் பக்கத்தார் பாய் மேல் போலீஸில் பிராது கொடுத்தார்கள். மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கேட்டார், "நீ எந்தச் சங்கம்?"

"கம்பெனி மெக்கானிக்குங்க."

"மெக்கானிக்குக்கு வரப்புல என்னய்யா வேலை?"

"தண்ணிக்கு உக்காந்தேங்க. எப்பவும் உக்காருவேன். ஐயாவையே கேளுங்க."

மிராசுதாரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவரே ஜில்லா முழுக்கச் சொன்ன பெருமைதானே. பிராது நிற்கவில்லை. சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள், மேடையில் உட்காரச் சொன்னார்கள். "நான் உங்களுக்காக உக்காரலீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவர்களுக்கும் கோபம்.

பதிவுக்கு ஆட்கள் வந்தபோது மேட்டு வயலில் பயிர் பச்சையாக நின்றது. என் பெயர் ஏறியது.

கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. மிராசுதாரைப் போன்றவர்கள் டிராக்டர் வாங்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்றார் மேனேஜர். அவர்கள் ஊரில் பலபேர் சபருக்குப் போய்க்கொண்டிருந்த காலம். வெளிநாட்டுப் பிழைப்பை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கும் குவைத்துக்கு ஒரு வழி கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சம்பா உழவு நேரத்தில் மிராசுதாரின் இரண்டு டிராக்டரும் படுத்துவிட்டன. மேனேஜர் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று எல்லா ஊர்க் கம்பெனியிலும் மெக்கானிக் தேடினார். தேர்ச்சி பெற்றவர் என்று ஒருவர் வருவார், ஓடவிடுவார், கூலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். அவர் பஸ் முக்குத் திரும்புவதற்குள் டிராக்டர் நின்றுவிடும். கடைசியில் மேனேஜர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, பாய் விலாசம் ஏதாச்சும் தெரியுமா?"

"உங்க போர்டுல நெறைய பேர் இருப்பாங்களே, பாருங்க" என்றேன்.

வந்த வழியே திரும்பிப் போனார். அந்த டிராக்டர்களில் ஒன்று எங்கள் ஊரில் வெகுகாலம் தோப்பிலேயே நின்று துருப்பிடித்தது. பாக்கியத்தின் வீட்டுக்காரர் அந்த வருஷம் மறுபடி ஏர் பிடித்தார்.

குவைத்துக்குப் போகுமுன் ஒரு பகலில் பாய் சொல்லிக்கொள்ள வந்தார். வெள்ளைச் சட்டை, சேறில்லாத கால். அந்தக் கால்களைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. எஞ்சினை ஒரு தடவை பார்த்தார். போகிறேன் என்று எழுந்தவரிடம் நான் கேட்டே விட்டேன்.

"பாய், அன்னிக்குத் தண்ணி தொட்டுடுச்சு. நானும் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க."

அவர் எடுத்த பையை மறுபடி கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "பொய் சொன்ன வாயோட அன்னிக்குத் தொழ முடியல தங்கச்சி. மறுநாள்தான் தொழுதேன். அதுக்குத் தனியா மன்னிப்புக் கேட்டுட்டேன். கேக்க வேண்டிய இடத்துல நான் கேட்டாச்சு. நீங்க யார்கிட்டயும் இதைப் பேசாதீங்க."

"எனக்காகச் சொன்னதுதானே பாய், அது எப்படிப் பொய்யாகும்?"

"யாருக்காகன்னு பாத்து உக்காந்தேன் பாருங்க, அது அன்னிக்கு ஒரு நாள்தான்" என்றார். "பாக்கியத்துக்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன், போறேன்னு."

அது நல்லது என்று சொன்னாரா, தப்பு என்று சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவையும் நான் கடைசியாகப் பார்த்தது அவர் முதுகைத்தான்.

மேட்டு வயல் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. இப்போது கரண்டு மோட்டார். பட்டனைத் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறது. என் பிள்ளைகள் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நான் மட்டும் முடிகிற நாளில் கோலை ஊன்றிக்கொண்டு கோடி வரப்புக்குப் போவேன். தண்ணீர் வந்ததும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். பக்கத்து வயல்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பேத்தி கயலு, என் எழுத்து உனக்குப் புரியும், வேறு யாருக்கும் புரியாது. இதை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார். முதலில் இருந்து சத்தமாகப் படி. நடுவில் போன் வந்தாலும் எழுந்து போகாதே. கடைசி எழுத்தைத் தொடட்டும், அப்புறம் எந்திரிக்கலாம்.